கரும்பாகு டாஃபியின் பங்குதாரர்

"உங்க பேரு இதுல இல்லையே, கண்ணு" என்றாள் பெரில்.

நார்மன் ஹாஸ்லம் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பெயரைச் சொன்னார். ரிம்மர் மிட்டாய்க் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் தேவாலயத்துக் கூடத்தில் நடக்கவிருந்தது. வாசலில் மேசை போட்டு, பங்குதாரர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள் பெரில்.

"இருநூறு பங்கு வச்சிருக்கேம்மா. ஐசா கணக்குல."

"ஐசாவா? அப்ப பேரு இருக்காது. உங்க புரோக்கரைக் கேளுங்க."

ஐசா என்பது வரியில்லாக் கணக்கு. ஓய்வு பெற்றதும் ஊரில் மற்றவர்கள் புறா வளர்த்தார்கள். நார்மன் பங்கு வளர்த்தார். லாப நஷ்டம் பார்த்து வாங்குகிற ஜாதி இல்லை அவர். பள்ளிக்குப் போன பஸ்ஸின் கம்பெனி, முதல் கோப்பை பீர் குடித்த கடைக்குச் சரக்கு போட்ட கம்பெனி, இப்படித்தான் வாங்குவார். லாபத்துக்கு வரி கேட்க மாட்டோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைச் சோதிக்க நார்மன் இதுவரை வாய்ப்பே தரவில்லை.

ரிம்மர் விஷயம் வேறு. பஞ்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், கொட்டும் மழையில், பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்ணிடம் அவர் ரிம்மர் கரும்பாகு டாஃபிப் பொட்டலத்தை நீட்டினார். அவள் ஒன்றை வாயில் போட்டாள். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டதில், பஸ் வரும்வரை தலையை மட்டும் ஆட்டினாள். படியில் ஏறும்போதுதான் வாய் திறந்தது. "ரொம்ப அருமை" என்றாள். அந்த வினிஃப்ரெட்டைத்தான் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பொட்டலம். பல்செட் வந்தபிறகு அவரால் அதைத் தொட முடியவில்லை. எல்லாம் அவளுக்குத்தான்.

அந்த டாஃபியை நிறுத்தப்போகிறார்களாம். பொட்டலம் இல்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது என்று நார்மனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பல் டாக்டரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். நல்லவேளை, வினிஃப்ரெட்டும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

மேசைப் பக்கத்திலேயே நின்று புரோக்கர் ஆபீசுக்குப் போன் போட்டார். பாட்டுப் போட்டுக் காக்கவைத்தபின் ஒரு பையன் பேசினான்.

"பங்கு உங்களோடதுதான் சார். கம்பெனிப் பதிவுல பேரு மட்டும் எங்களோடது. ஐசான்னா அப்படித்தான்."

"நான் எந்திரிச்சுப் பேசணுமே தம்பி."

"அதுக்கு ஒரு கடிதம் தருவோம். போன வாரமே கேட்டிருக்கணும்."

"கணக்கிலேர்ந்து வெளிய எடுத்து என் பேருக்கு மாத்திக்கிட்டா?"

"வரிச்சலுகை போயிடும். பத்து நாளும் ஆகும்."

பத்து நாள் யார் காத்திருப்பது? நார்மன் போனிலேயே கணக்கைத் திறந்து வேலையை முடித்துவிடப் பார்த்தார். கண்ணாடி வீட்டில் இருந்தது. பெரிதாகத் தெரிந்த பொத்தானை அழுத்தினார். போன் கிணுகிணுத்தது. பெரில் எட்டிப் பார்த்தாள்.

"எடுத்துட்டேனா?"

"வித்துட்டீங்க, கண்ணு. இருநூறையும்."

"ஐயோ கடவுளே."

"நாலு பவுண்டு லாபம் வந்திருக்கு. வரி கிடையாது, சந்தோஷப்படுங்க."

விற்றதைத் திரும்ப வாங்கவேண்டுமே என்று அவசர அவசரமாக 'ரிம்மர்' என்று தேடி மறுபடி அழுத்தினார். பெரில் மறுபடி படித்தாள்.

"ரிம்மர் சாக்கடைக் குழாய்னு வந்திருக்கு. வேற கம்பெனி. வரும்போது பாதிப் பங்குதாரரா வந்தீங்க. இப்ப அதுவும் இல்ல."

நார்மன் நாற்காலியில் சரிந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பெரிலுக்கே பாவமாகப் போய், பட்டியலை இன்னொரு தரம் விரலால் தடவினாள்.

"ஹாஸ்லம்னு ஒண்ணு இருக்கே. வினிஃப்ரெட் ஹாஸ்லம். ஒரே ஒரு பங்கு, சொந்தப் பேருல. உறவா?"

"என் வீட்டுக்காரி."

"அப்பவே உள்ள போயிட்டாங்களே. ஒருத்தர் ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டு வரலாம். நீங்க அவங்க விருந்தாளின்னு போங்க. ஆனா பேசக்கூடாது."

அவளும் பொய் சொல்லிவிட்டு இந்த டாஃபிக்காகத்தான் வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள்மேல் இவ்வளவு பிரியம் வந்த நாள் வேறில்லை என்று நார்மனுக்குத் தோன்றியது.

கடைசி வரிசையில் கைத்தடி வைத்திருந்த ஒரு கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். முன்வரிசையில் வினிஃப்ரெட்டின் நீலத் தொப்பி தெரிந்தது. மேடையில் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "கரும்பாகு டாஃபி விக்கவே இல்ல. இந்த வருஷத்தோட நிறுத்திடலாம். யாருக்காவது ஆட்சேபணை?"

நார்மன் எழுந்துவிட்டார்.

"நிறுத்தாதீங்க ஐயா. மழையில ஒரு பஸ் ஸ்டாப்புல ஆரம்பிச்சது இது. இது இல்லன்னா என் வீட்டுக்காரி தாங்கமாட்டா. அவளுக்கு உயிரே இதுதான்."

"நீங்க பங்குதாரரா?"

"இல்லீங்க. இப்பத்தான் வித்தேன்."

கூடமே சிரித்தது. "அப்ப உக்காருங்க" என்றார் தலைவர்.

நீலத் தொப்பி திரும்பியது. வினிஃப்ரெட் கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கண் கலங்கி நின்றிருந்தார். அவள் மெல்ல எழுந்தாள்.

"இந்தம்மா எந்திரிச்சாச்சு" என்று முனகினார் கிழவர்.

"டாஃபி இருக்கட்டும்" என்றாள் வினிஃப்ரெட்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"இருக்கட்டும்னேன். ஒரு வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா அதுதான். விட்டுடுங்க."

தலைவர் அவளையே பார்த்தபடி, டாஃபி இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். டாஃபி பிழைத்தது.

கூட்டம் கலைந்து தேநீருக்கு நகர்ந்தது. நார்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலத் தொப்பியைத் தேடினார். பக்கத்தில் கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணும் புரியல சார். 'வாயில வைக்க முடியாத அந்தச் சனியனை எப்ப நிறுத்துவீங்க, என் வீட்டுக்காரர் மனசு நோகுமேன்னு வாரா வாரம் முழுங்கிட்டிருக்கேன்'னு வருஷா வருஷம் எந்திரிச்சுச் சண்டை போடுற அம்மா அது. ஜெயிக்கப்போற அன்னிக்குப் பார்த்து இப்படிக் கவுந்துட்டாங்களே."