எட்டு வேண்டாம், நாலு போதும்

நான் ஒரு முட்டாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிக் கட்டுரையில் நீங்களே கண்டுபிடித்து, உங்கள் புத்திக்கூர்மையை மெச்சிக்கொள்வீர்கள். என் செலவில் உங்களுக்கு அந்தச் சுகம் வேண்டாம்.

என் தொழில் டைல்ஸ் விற்பது. டத்தோ கிராமாட்டில் ஒரு கடையில் நின்றுகொண்டு, குளியலறைக்கு எந்தத் தரை, சமையலறைக்கு எந்தச் சுவர் என்று பாதி பினாங்குக்கு உபதேசம் செய்கிறவன். கடைக்கு ஒரு ரக வாடிக்கையாளர்கள் வருவார்கள். ஒன்றும் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் தெரியாது. டைல்ஸை முகர்ந்து பார்ப்பார்கள். வெயிலில் காட்டிப் பார்ப்பார்கள். அவர்களைப் போல் வீட்டில் நடித்துக் காட்டி என் மனைவி மாலதியைச் சிரிக்கவைப்பது என் பொழுதுபோக்கு. (அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் மறுபடியும் நடித்துக் காட்டுவேன் என்ற பயமாக இருந்திருக்கலாம்.)

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தது. மடி என்பதெல்லாம் பெயருக்குத்தான். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறிவிட்டு வந்தால், அப்போதுதான் திரையில் ஒரு வட்டம் சோம்பல் முறித்துச் சுற்றத் தொடங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டமும் வரவில்லை. கறுப்பாக ஒரு முனகல், அவ்வளவுதான்.

வேறு எந்த வாரத்தில் செத்திருந்தாலும் நாங்கள் துக்கம் கொண்டாடியிருக்க மாட்டோம். ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாலதிக்கு நேர்முகத் தேர்வு. பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய தொழிற்சாலை. கொள்முதல் பிரிவில் அதிகாரி வேலை. சரக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றில் பல வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். அங்கே முதலாளியின் மருமகன்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். இவள் நாற்காலி மட்டும் அதே மூலையில். இந்தப் புது வேலைக்கு முதல் சுற்றில் தேறிவிட்டாள். இரண்டாவது சுற்று வீடியோவில். வெளிநாட்டிலிருந்தும் அதிகாரிகள் பேசுவார்கள். தோசையைத் திருப்பும்போதுகூட ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

மாலதியின் தம்பி கதிர் அதே பாயான் லெப்பாஸில் இன்னொரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சேதி கேட்டதும் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, புதன்கெழம எனக்கு ஆஃப். நானே கூட்டிட்டுப் போறேன். நீங்களா ஒண்ணும் வாங்கிடாதீங்க."

"ஏன் மச்சான், நான் என்ன பச்சப் புள்ளயா?"

"பச்சப் புள்ளன்னா பரவால்ல மாமா, சொன்னா கேக்கும்."

"பாசார்ல மீன் வாங்குறேன், மாடு மாதிரி ஒரு கார் வாங்கினேன், ஒரு கம்பியூட்டர் வாங்கத் தெரியாதா?"

பெருமூச்சு கேட்டது. "சரி மாமா. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. ரேம் எட்டு. எட்டுக்குக் கீழ வாணவே வாணாம்."

வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்ட மிகச் சுருக்கமான, மிகத் தெளிவான உத்தரவு இதுதான். இதில் ஒரே ஒரு சிக்கல்: எட்டு.

எட்டு சனியின் எண். எனக்கும் அதற்கும் ஆகாது. நான் பிறந்தது பதின்மூன்றாம் தேதி; கூட்டினால் நாலு. நாலாம் எண்காரன் எட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று எண் கணிதம் பார்ப்பவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் கார் எண், கைப்பேசி எண், ஹோட்டல் அறை எண் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் மூச்சு விடுவேன். (மாலதி பிறந்தது பதினேழாம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு. கல்யாணத்துக்குப் பிறகுதான் கூட்டிப் பார்த்தேன்.)

செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டேன். கதிர் வந்து வாங்கிக் கொடுத்தால் வீட்டில் என் மரியாதை என்ன ஆவது?

டவுனில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம் ஒன்றில் ஒரு சீனர் கடைக்குள் நுழைந்தேன். தவுக்கே (கடை முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். 'அண்ணே' மட்டும் சுத்தத் தமிழ்; மற்றதை நான் தமிழாக்கித் தருகிறேன். "அண்ணே, என்ன வேலைக்கு?" என்று முறையாகத்தான் ஆரம்பித்தார். நான் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவன் பேசமாட்டான் அல்லவா? வரிசையாக இருந்த மடிக்கணினிகளின் முதுகில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல டைல்ஸ் என்றால் 'டங்' என்று கேட்கும். இவை எல்லாமே 'டொக்' என்றன.

"அண்ணே, தட்டாதீங்க லா. உடைஞ்சிரும்."

"அதத்தான் பாக்குறேன். செகண்ட் கிரேடு கலந்திருக்கா?"

தவுக்கே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. தினமும் கடையில் நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை.

ஒன்றை எடுத்து வைத்தார். விலைச்சீட்டில் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு வெள்ளி என்று போட்டிருந்தது. எட்டு, எட்டு, எட்டு.

"இது பாகுஸ் அண்ணே, நல்ல சரக்கு. எல்லாரும் இதான் வாங்குறாங்க. ரேம் எட்டு. உள்ளே இடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு."

ஐந்தும் ஒன்றும் இரண்டும்? மறுபடியும் எட்டு! மாறுவேடத்தில் வந்தாலும் சனி சனிதான்.

"எட்டு இல்லாம இருக்கா?"

"பதினாறு இருக்கு. விலை கூட."

ஒன்றும் ஆறும் ஏழு, கேது. சனியிடமிருந்து தப்பி கேதுவிடம் மாட்டுவதா? "வேற?"

தவுக்கே தயங்கினார். கடைசித் தட்டிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். "இது நாலு. ஆனா அண்ணே, நாலு நல்லதில்ல. வாங்காதீங்க."

நாலு! என் எண். எனக்காகவே அந்த மூலையில் தவம் கிடந்திருக்கிறது. தவுக்கே ஏன் தடுக்கிறார் என்பதும் சட்டென்று புரிந்துவிட்டது. பினாங்கில் பிறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? சீனர்களுக்கு நாலு என்றால் சாவு; அவர்கள் பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். பல கட்டடங்களில் நாலாவது மாடிக்கே 'மூன்று ஏ' என்றுதான் பெயர். எட்டு என்றால் அவர்களுக்கு 'ஓங்', அதாவது அதிர்ஷ்டம். ஆகா, மனுஷன் தன் நம்பிக்கையை என் தலையில் கட்டப் பார்க்கிறார்!

"தவுக்கே," என்றேன், ஒரு பேராசிரியரின் கனிவோடு. "நீங்க படிச்சவரு. இந்தக் காலத்துல போய் நம்பர்ல நல்லது கெட்டதுன்னு பாக்கலாமா?"

அவர் விழித்தார். "இல்ல அண்ணே, நாலு ரொம்ப ஸ்லோ..."

"அது உங்க மனசுல இருக்குற பயம். மூடநம்பிக்கை."

"அண்ணே, வீடியோ பாத்தா நின்னுரும்."

"எதுவும் நிக்காது. நாலு எனக்கு ராசி."

"வீட்டுல தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்களேன்."

"வீட்டுலயே தெரிஞ்சவன் நான்தான்."

அதற்கு மேல் அவரும் வாதாடவில்லை. விலையைத் தாராளமாகக் குறைத்தார். பை ஒன்று, எலி ஒன்று இலவசமாகக் கொடுத்தார். கடை வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு சீனரின் மூடநம்பிக்கையைப் பயன்படுத்தி மலிவாக அடித்துவிட்டோம் என்ற பெருமையில் மோட்டார் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வந்தேன்.

புதன் மாலை மாலதி அதைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. பழையதில் சுற்றியதைவிட அழகான வட்டம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என்னங்க, இவ்வளவு நேரம் சுத்துது?"

"புதுசு இல்ல? வெக்கப்படுது."

கதிர் கூப்பிட்டான். "மாமா, ரேம் எத்தன?"

"நமக்கு ஏத்தது."

"எத்தன மாமா?"

"லைன் சரியில்ல மச்சான்." வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை. மாலதி நீலச் சட்டை போட்டு, தலையை இறுக்கிச் சீவி, கண்ணாடி முன் நின்று உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. என்னால் முடிந்ததைச் செய்யவேண்டும் என்று தோன்றியது. (இந்தக் கட்டுரையில் பயங்கரமான வாக்கியம் இதுதான்.) வாங்கிய பொருளுக்கு இன்னும் பூசையே போடவில்லையே! வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம், பீரோவுக்கு வைக்கிறோம், இதற்கு வேண்டாமா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அதன்மேல் குங்குமத்தைச் சேர்த்து, திரையின் மேல்விளிம்பில், சரியாக நடுநெற்றியில், வாகாக ஒரு சின்னப் புள்ளி இருந்த இடம் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். லட்சணமாக இருந்தது.

பத்து மணி. திரையில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். நான் சமையலறையில் இருப்பதாகச் சத்தியம் செய்திருந்தேன், கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், குரல் வருது. உங்களத் தெரியல," என்றது ஓர் ஆங்கிலக் குரல்.

"கேமரா போட்டிருக்கேன் சார்."

"ஏதோ சிவப்பா தெரியுது."

மாலதி எதையெதையோ அமுக்கினாள். "இப்ப சார்?"

"இப்பவும் சிவப்புதான். சூரியன் மறையிற மாதிரி."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கைலி, பனியன், தோளில் துண்டு, கையில் தோசைச் சட்டுவத்தோடு பாய்ந்து போய், என்ன கோளாறு என்று திரைக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்தேன். அதே நொடியில் மாலதியின் கண்ணில் அந்தப் பொட்டு பட்டுவிட்டது. கட்டைவிரலால் ஒரே தேய். படம் பளிச்சென்று வந்தது. திரையில் எங்கள் கட்டம் முழுக்க என் முகம்: பிளந்த வாய், விரிந்த மூக்குத் துவாரங்கள், பின்னணியில் சட்டுவம்.

கணினி அத்தோடு நின்றுவிட்டது.

தவுக்கே சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. வட்டம்கூட இல்லை. நான் நகர்ந்துவிட்டேன், திரையில் இருந்த நான் நகரவில்லை. மாலதி என்னை ஒரு முறை பார்த்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தத் தேர்வு முடியும்வரை நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே உறைந்துபோன திரையில் மூன்று அதிகாரிகள். ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் அடக்கவில்லை. அவள் எத்தனை வருடம் அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். டைல்ஸை முகர்ந்து பார்ப்பவர்கள் எவ்வளவோ மேல் என்று பட்டது.

வெளியே வந்தவளிடம் மெல்லக் கேட்டேன். "என்னாச்சு?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தரு யாரையும் கேக்காம தப்பான பொருள வாங்கிட்டு வந்துட்டா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க."

அவள் என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிக விளக்கமாக, மனப்பூர்வமாகச் சொல்லியிருக்க வேண்டும், வேலை கிடைத்துவிட்டது.

கதிர் வந்து கணினியைப் பார்த்தான். "நாலா மாமா?" என்றான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின. சிரித்து முடித்ததும் அதன் வயிற்றைத் திறந்து இன்னொரு நாலைச் செருகினான். அதற்குப் பிறகு அது குதிரையாக ஓடுகிறது. நாலும் நாலும் என்ன என்று கூட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்றைக்கும் குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டில் நாலு இட்லிக்கு மேல் விழாது. "மாமாவுக்கு எட்டு ஆகாது" என்பான் கதிர். லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். கதிருக்குப் பெண் பார்க்கப் போன வீட்டாருக்கு, என் பெயர் தெரிவதற்கு முன்பே இந்தக் கதை தெரிந்திருந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, மாலதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்தது. அந்த மூன்று அதிகாரிகளில் யாரோ என் உறைந்த முகத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். பிரிவு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. சாயங்காலம் தொழிற்சாலை வாசலுக்கு அழைத்துவரப் போயிருந்தேன். வெளியே வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். தலைக்கவசத்தைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் படத்துல இருக்குறது யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பக்கத்து வீடுன்னு சொன்னேன்."