ஒத்திகை பார்த்த பொய்

நாற்பதடி நீளப் பேருந்தைச் சந்துக்குள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஓட்டுகிற மனுஷருக்கு, பல் டாக்டரின் இடுக்கியை நினைத்தால் மட்டும் ரிவர்ஸ் கியர் விழுந்துவிடும். கடைவாய்ப் பல் பத்து நாளாய்க் குடைகிறது. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லி மனைவி இரண்டு தரம் அனுப்பினாள். இரண்டு தரமும் டாக்டர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார்.

“ஆக்சுவலா, டாக்டர் ஊர்ல இல்லம்மா.”

“ஆக்சுவலா, அங்க கரண்ட் இல்ல.”

இரண்டையுமே அவள் நம்பவில்லை.

அந்த ‘ஆக்சுவலா’தான் அவர் பேச்சுக்கு ஹாரன். அடிக்காமல் எந்தத் திருப்பத்திலும் திரும்பமாட்டார். பசித்தால் ஆக்சுவலா பசிக்கும். தும்மல்கூட ஆக்சுவலாதான் வரும்.

“அதான் அண்ணே மாட்டிக்கிறீங்க,” என்றார் கண்டக்டர். “பொய் சொல்றவங்கதான் ஆக்சுவலாம்பாங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டுச் சொல்லிப் பாருங்க. அண்ணி அப்படியே நம்பிடுவாங்க.”

அன்றைக்கு எட்டு நடையும் முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துப் புதுப் பொய்யை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கடகடவென்று ஒப்பித்தார்.

“டாக்டரைப் பார்த்துட்டேன். பல்லு கல்லு மாதிரி இருக்காம். பிடுங்க வேண்டாம்னுட்டார்.”

“அப்படியாங்க? கடவுள் காப்பாத்தினார்!” அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

நம்பிவிட்டாள்! அவருக்கு வீங்காத கன்னமும் பூரித்துப் போயிற்று. அவளோ, மடித்து வைத்த சட்டையை எடுத்து நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடலாம்.”

“அடுத்த வாரம் சொல்லிக்கலாமே.”

“நன்றியை எல்லாம் தள்ளிப் போடக் கூடாதுங்க.”

பாதி வழியில் அவர் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார். “என் பொய்யில என்னடி குறை?”

“ஒரு குறையும் இல்லீங்க. ரொம்ப அழகா இருந்துச்சு. முப்பது வருஷமா ஆக்சுவலா இல்லாம நீங்க வாயைத் திறந்ததில்ல. இன்னிக்கு ஒண்ணுகூட வரல. ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு.”

ஒரு அதட்டல் இல்லை, ஒரு சண்டை இல்லை. முப்பது வருஷம் ஒருத்தர் பேச்சை இப்படிக் காது கொடுத்துக் கேட்பதற்கும் ஒரு மனசு வேண்டும். நாற்பதடிப் பேருந்து ஓட்டுகிறவர், கட்டி இழுக்கிற வண்டி மாதிரி அவளுக்குப் பின்னால் நடந்தார்.

நாற்காலியில் சாயவைத்து டாக்டர் பல்லை லேசாகத் தட்டினார். “வலிக்குதா?”

“ஆ... ஆக்சுவலா...!”

“இது ஒத்திகை பார்க்காம வந்தது டாக்டர்,” என்றாள் அவள் கனிவாக. “பிடுங்கிடுங்க.”