சங்கு வைத்த பொட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓடிய எஞ்சின்களைவிடச் சங்கு சாகடித்த எஞ்சின்கள்தான் அதிகம். கையால் அல்ல, வாயால். அப்படிச் செத்தவற்றில் பாதி இன்னும் எங்கேயோ மண் அள்ளிக்கொண்டிருக்கின்றன.

தொண்ணூறுகளின் கடைசி. லோடர், புல்டோசர் போன்ற ராட்சத வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு அங்கே சீனியர் மெக்கானிக். வீட்டில் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். எந்த வண்டியைக் காட்டினாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே, "சங்குதான் மாமே" என்று ஊதிவிடுவார். அதனால் மற்ற நாளெல்லாம் அவர் சங்கு.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின்கள் வர ஆரம்பித்திருந்தன. எஞ்சினின் சூட்டுக்கு ஒரு சென்சார், ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று, உள்ளே போகும் காற்றுக்கு ஒன்று. எல்லாம் ஒயர் வழியாக ஒரு கறுப்புப் பெட்டிக்குச் சேதி அனுப்பும். சேதி கோளாறாக வந்தால் டிரைவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். எத்தனை தரம் சிமிட்டுகிறது, எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறது என்று கவனித்தால் நோய் எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். அதைப் படிக்கப் பயிற்சி பெற்றவர் எங்களில் சங்கு ஒருவர்தான். துக்கச் செய்தி வாசிக்க அவரைவிடப் பொருத்தமான ஆளைக் கம்பெனி தேடியிருக்க முடியாது.

கேபினில் ஏறிச் சாவியைத் திருப்புவார். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த முகம் தோன்றும், மறையும், தோன்றும். கீழே டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

"இன்னா சொல்லுது அண்ணாத்தே?"

"ஆயில் பிரஷர் பூட்ச்சுங்குது."

"எஞ்சின் கெட்டுப்பூட்ச்சா, சென்சார் கெட்டுப்பூட்ச்சா?"

"ரெண்டும்னு வெச்சிக்கோ. அப்பாலிக்கா ஏமாற மாட்ட."

கொரட்டூர் டிரைவர் ஒருவன் இதைக் கேட்டு டயரில் சாய்ந்து அழுதேவிட்டான். கடைசியில் பார்த்தால் எலி ஒயரைக் கடித்திருந்தது. "ஒயரத் துன்ன எலி மட்டும் உசுரோடவா இருக்கப் போவுது?" என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டார் சங்கு.

கொட்டகை மூலையில் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதில் அவரைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். மதியம் அங்கே அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததும் "ஊசிப்பூட்ச்சு" என்பார். கடைசிப் பருக்கைவரை தின்பார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு "ஆவடி வண்டி இன்னிக்கி வராது" என்பார். வந்துவிட்டால், "வந்துட்ச்சு, போய்ச் சேருமா?" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "தைரியமா இரு நைனா" என்பார்.

ஆனால் அவர் பக்கத்தில் இருந்தவரை எங்களில் ஒருவனுக்கும் கவலை வந்ததில்லை. பட்டறையின் கவலை முழுவதையும் அவரே எடுத்துப் பட்டுக்கொண்டிருந்தார், ஒழுகும் கூரைக்கு நேர் கீழே ஓர் அண்டாவை வைத்ததுபோல.

ஆயுத பூஜையன்று மட்டும் அந்த முகத்தில் சிரிப்பு வரும். முதலாளிகள் பூஜைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுவோம். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய். நாங்கள் எஞ்சின் மூடியிலும் சக்கரத்திலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டு சாப்பாட்டுக்கு ஓடிவிடுவோம். சங்கு மாத்திரம் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தலையை விட்டுக் காணாமல் போவார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "உனக்கு இன்னாத்துக்கு? போய் வடையத் துன்னு."

பூஜை முடிந்த வாரமே வண்டிகள் வரிசையாகப் படுக்கும். எல்லாவற்றிலும் மஞ்சள் விளக்கு. சங்கு போவார், விளக்கைப் படிப்பார், இரங்கல் தெரிவிப்பார், ஒயர் முனையைத் துணியால் துடைத்துவிட்டுப் புது சென்சார் மாட்டுவார். சரியாகிவிடும். செத்தது சென்சார்தான் என்று நாங்களும் நம்பினோம்.

மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. கேரண்டியில் சென்சார் சென்சாராகக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார். அந்த வருஷம் பட்டாபிராமில் ஒரு லோடர் படுத்ததும் சங்கைக் கூப்பிட்டார்.

"இந்த வண்டி இன்னைக்கு ஓடணும். சென்சாரும் மாத்தக் கூடாது. ஓடலேன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."

"ஓடாது சார்," என்றார் சங்கு. பழக்க தோஷம்.

டெம்போவில் நானும் போனேன். பட்டாபிராம் மேல் வானம் நனைந்த கோணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் புது மனைகளுக்கு மண் நிரப்பியாக வேண்டும். நடுவே அந்த மஞ்சள் லோடர், மண்டியிட்ட யானைபோல. எஞ்சின் ஓடியது, ஆனால் வெறும் வாளியைத் தூக்கவே முனகியது. அதன் முதலாளி மாங்காட்டுக்காரர். நிலத்தை விற்று வண்டி வாங்கியவர்.

"உங்க பட்டறையிலயே பூஜை போட்டு எட்தாந்தேன் மேஸ்திரி. இன்னா கொற வெச்சேன் அதுக்கு?"

சங்கு கேபினில் ஏறினார். விளக்கு சிமிட்டியது, ஓய்ந்தது, மறுபடி சிமிட்டியது. நிற்கவே இல்லை.

"சூடு பூட்ச்சு. ஆயில் பூட்ச்சு. காத்தும் பூட்ச்சு. எல்லா சென்சாரும் ஒண்ணா சாவாது மொதலாளி. பொட்டியே பூட்ச்சு. வண்டியும் பூட்ச்சு, என் வேலையும் பூட்ச்சு."

மாங்காட்டுக்காரர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சும்மா நிற்க முடியாமல் நான் எஞ்சின் பக்கம் போய்க் கைக்கெட்டிய ஒரு சென்சாரின் ஒயர் முனையைப் பிடுங்கினேன்.

உள்ளே, ஊசி ஊசியாகச் செம்பு தெரிய வேண்டிய இடத்தில், சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பீய்ச்சிய தண்ணீரில் ஊறிக் களிம்பு ஏறியிருந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன். அதிலும் பொட்டு.

"அண்ணாத்தே, கொஞ்சம் எறங்கி வாங்க."

வந்து பார்த்தார். வருஷா வருஷம் தானே துணியால் துடைத்தெறிந்த அழுக்கு இதுதான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்ரோலும் பழைய டூத் பிரஷும் எடுத்து, ஒவ்வொரு முனையாக, குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்தார். சாவியைத் திருப்பினார். விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது. லோடர் கர்ஜித்து எழுந்தது.

"இன்னாவாம் மேஸ்திரி அதுக்கு?"

நான் எலி என்று சொல்ல வாயெடுத்தேன். சங்கு முந்திக்கொண்டார்.

"நான்தான் மொதலாளி. உள்ள பொட்டு வெச்சேன். உங்க மாங்காட்டு அம்மன் குங்குமம்."

திட்டத் திறந்த வாயை மாங்காட்டுக்காரர் பாதியில் மூடிக்கொண்டார். அம்மன் குங்குமத்தை எந்த வார்த்தை சொல்லித் திட்டுவது?

மேனேஜருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவரிடமும் சங்கு தானாகவே போய்ச் சொன்னார்.

"எல்லா வண்டியிலயுமா வெச்சீங்க?"

"ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுட்டா, அது இன்னா சார் நெனைக்கும்?"

"வெளியில வெச்சாப் போதாதா?"

"நோவு உள்ள வருது சார். பொட்டு வெளிய வெச்சா எப்டி?"

வண்டி ஓடியும் வேலை போயிற்று. கேட்டருகே நாங்கள் எல்லோரும் நின்றோம். ஒரு சங்கு ஊதிவிட்டுப் போவார், சிரித்துவிடலாம் என்று காத்திருந்தோம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகையை ஒருமுறை பார்த்தார்.

"வர்றேன் நைனா. எல்லாம் நல்லா ஓடும்."

அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அன்றிலிருந்து ஆளாளுக்குக் கவலைப்பட ஆரம்பித்தோம்: மழைக்கு, ரயிலுக்கு, ஊசிப்போன சோற்றுக்கு. யாருக்கும் அவர் அளவுக்கு வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. மேனேஜர் சந்தோஷமாக இருந்தார். கொட்டகை காலி. கூட்டிப் பெருக்குவதற்காக அந்த மர ஸ்டூலைக் கவிழ்த்தேன். அடிப்பலகையில், வெளியே யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சந்தனம் தடவி ஒரு குங்குமப் பொட்டு. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அழிந்துவிடாமல் மெதுவாக நிமிர்த்தி, அந்த மூலையிலேயே போட்டேன்.