அவில்தார் வைத்துவிட்டுப் போன கத்தி

உறையிலிருந்து கத்தி வர மறுத்தது.

தேவசகாயம் தோல் உறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கொம்புப் பிடியை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி லூர்துமேரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறதுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

அடுத்த இழுப்பில் கத்தி வந்துவிட்டது. வந்த வேகத்தில் தேவசகாயம் பின்னால் சாய்ந்து தவிட்டுப் பானை மேல் உட்கார்ந்தான். பானை தப்பித்துக்கொண்டது. கத்திதான் தப்பவில்லை. அலகின் இரண்டு பக்கமும் அம்மைத் தழும்பு மாதிரி செம்புள்ளிகள்.

"ஐயோ மாதாவே" என்றான் தேவசகாயம்.

அவன் பதறியதில் நியாயம் இருந்தது. கத்தி அவனுடையதல்ல. லூர்துமேரியின் அண்ணன் செபாஸ்தியானுடையது. செபாஸ்தியான் பர்மா யுத்தத்துக்குப் போய் அவில்தாராகத் திரும்பி வந்தவர். இப்போது திண்டிவனத்தில் வேர்க்கடலை ஆட்டும் ஒரு மல்லாட்டை மில்லில் காவலுக்குத் தலைவர். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் செஞ்சிக்கு வந்தவர், இந்தக் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மில்லுக்குள்ள கத்தி வெச்சிருக்கக் கூடாதாம் மாப்ள. நீ வெச்சிரு. பர்மாவுல கேப்டன் துரை என் தோளத் தட்டிக் குடுத்தது. கிறிஸ்மஸுக்கு வருவேன். அதுவரைக்கும் பொட்டு துரு ஏறாம வெச்சிருந்தீனா, மில்லு குடோன் வேலை ஒனக்குத்தான். மூட்டைங்கள ஈரம் படாம பாத்துக்கறதுதான் அங்க வேலையே."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து விரலை ஆட்டினார்.

"இன்னொண்ணு. எந்த ஆசாரி கையிலயும் இதக் குடுத்துடாத. சீமை எஃகு. நம்மூரு உலைக்காரன் தொட்டான்னா செத்துப் போயிடும்."

மழை பெய்தால் தேவசகாயத்துக்கு வேலை கிடையாது. வெயில் அடித்தால் அரங்கநாதன் பண்ணையில் கூலி. குடோன் வேலை என்றால் மழையோ வெயிலோ மாசம் பிறந்தால் சம்பளம். அந்தச் சந்தோஷத்தில் அவன் நேராகப் பண்ணைக்குப் போய், "கிறிஸ்மஸுக்கு அப்புறம் வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அரங்கநாதனும் தாமதிக்காமல் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்.

கத்தியை அவன் அலட்சியமாக வைக்கவில்லை. அதுதான் வினை. உறையில் போட்டு, உறையைப் பழைய வேட்டியில் சுற்றி, அதன்மேல் கோணியைச் சுற்றி, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தான். ஐப்பசி முழுக்க மண்சுவர் தண்ணீர் குடித்தது. சுவரிடமிருந்து கோணி குடித்தது. கோணியிடமிருந்து உறை குடித்தது. கடைசியில் கத்திக்கும் பங்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஆதிமூலம் ஆசாரிகிட்ட குடுத்தா ஒரு நொடியில தேச்சிக் குடுத்துடுவாரு" என்றாள் லூர்துமேரி.

"ஒங்கண்ணன் சொன்னது காதுல வுழலியா?"

"அப்போ நானே தொடைக்கறேன். என் அரிவாமனையப் பாருங்க. கண்ணாலம் ஆன நாள்லேருந்து இருக்குது. மீன் அரிஞ்சதும் கழுவி, ஈரம் போகத் தொடச்சி, வெளக்கெண்ண ஒரு தொட்டு. துரு இருக்குதா?"

"அது மீன் அரியற சாமான். இது யுத்தம் பாத்த சாமான். ரெண்டும் ஒண்ணா?"

தேவசகாயத்துக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் திருநாளுக்கு முன்னால் மாதா கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்குவது அவன்தான். சாமியாரே அவன் கையைப் புகழ்ந்திருக்கிறார். பித்தளைக்குப் பலித்த புளி எஃகுக்குப் பலிக்காமலா போகும்? கத்தி முழுக்கப் புளியை அப்பினான். அழுக்கு பெரியது, நன்றாக ஊறட்டும் என்று அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வந்து கழுவினான்.

"பாத்தியா, ஒரு புள்ளி இல்ல!"

லூர்துமேரி வாங்கிப் பார்த்தாள். கத்தி முனையிலிருந்து பிடிவரை தோசைக்கல் நிறத்தில் இருந்தது.

"ஆமா. எல்லாப் புள்ளியும் ஒண்ணாயிடுச்சி" என்றாள்.

"எண்ண பூசினா வெளுத்துடும்."

"வெளக்கெண்ண எடுத்தாரட்டா?"

"மல்லாட்டை எண்ண எடு. மில்லு வேலைக்கு அதுதான் பொருத்தம்."

விளக்கெண்ணெய் கொஞ்சம் தடவ வேண்டிய இடத்தில் மல்லாட்டை எண்ணெயை வழிய வழிய ஊற்றினான். ஈரம் அண்டாத இடம் வீட்டிலேயே அடுப்புக்கு மேலேதான் என்று கண்டுபிடித்து, அங்கே கயிறு கட்டித் தொங்கவிட்டான். விறகும் ஈரம். புகை கேட்பானேன்? எண்ணெயும் புகையும் கலந்து காய்ந்து, கத்தி தார் பூசியது போல் ஆனது. இறக்கிப் பார்த்தபோது ஒரு கரப்பான் அதில் ஒட்டிக்கொண்டு பரலோகம் போயிருந்தது.

"ஆசாரி..." என்று ஆரம்பித்தாள் லூர்துமேரி.

"அந்தப் பேச்சே வேணாம்!"

செங்கல்லை இடித்துத் தூளாக்கி, தேங்காய் நாரால் தேய்த்தான். தார் போயிற்று. கறுப்பு போயிற்று. வெள்ளை வெளேரென்று எஃகு தெரிந்தது. கூடவே நீளவாக்கில் ஏர் ஓட்டிய கோடுகளும் தெரிந்தன. ஆனாலும் துரு இல்லை. அவில்தார் துருவைப் பற்றித்தான் சொன்னாரே தவிர, கோடு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேவசகாயம் பல நாளைக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

சாப்பாட்டில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கருவாட்டுக் குழம்பு.

"லூர்து, இந்தக் கருவாடு எப்ப வாங்கினது?"

"ஆடியில."

"இன்னும் கெடல. எதனால?"

"உப்பு போட்டிருக்குது. அதனால."

தேவசகாயம் சோற்றுக் கையோடு எழுந்தான்.

"நில்லுங்க! கத்தி இன்னா கருவாடா?"

"கெடாம இருக்கணும். அவ்வளவுதானே? மீனையே கெடாம வெக்கற உப்பு, எஃக வெக்காதா?"

உப்புப் பானையில் பிடிவரை கத்தியைச் செருகினான். மேலே துணியைக் கட்டி, சிலுவை அடையாளம் போட்டான். கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சமையலுக்கு மட்டும் லூர்துமேரி ஓரமாகத் துணியை விலக்கி எடுத்துக்கொள்ளலாம்.

மழை விடவில்லை. கோட்டைமேல் இறங்கிய மேகம் இனி ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. செட்டிகுளம் நிரம்பி வழிந்தது. பானைக்குள் உப்பும் கசிய ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் தேவசகாயம் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தான்.

"ரசத்துல இன்னா, ஆணி வாசன வருது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கணம் இருவரும் உப்புப் பானையிடம் இருந்தார்கள்.

உள்ளே உப்பு இல்லை. செம்மண் சேறு இருந்தது. அதிலிருந்து உருவிய கத்தியில், அலகின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

தேவசகாயம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. பண்ணை வேலையும் போயிற்று, மில் வேலையும் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த லூர்துமேரிக்குக் கோபம் போய்விட்டது. கோணியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் போய் ஆதிமூலம் ஆசாரியக் கூட்டியாறேன். அண்ணன் சாயங்காலம்தான் வருவாரு. அதுக்குள்ள எதுனா பண்ணுவாரு."

தடுக்கத் தேவசகாயத்துக்குத் தெம்பில்லை.

ஆசாரி உலையில் ஏதோ வேலையாக இருந்தார். "நீ போம்மா, பின்னாலயே வர்றேன்" என்றார். லூர்துமேரி வீடு திரும்பினாள். ஆனால் அவளுக்கு முன்னாலேயே அவில்தார் காலை பஸ்ஸில் வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் கத்தி. எதிரில் தேவசகாயம், தலை குனிந்து.

"இன்னாய்யா இது?" அவில்தாரின் மீசை ஆடியது. "பர்மா மழ தெரியுமா ஒனக்கு? இதப் பல்லுல கடிச்சிக்கினு ஆத்த நீஞ்சினேன்! சேத்துல படுத்தேன்! மூணு வருஷம், ஒரு பொட்டு துரு ஏறல. எப்படி? தெனமும் தொடச்சேன்! நீ ஒரு மழக்காலம் தாங்கல!"

"மன்னிச்சிடு மச்சான்."

"ஒரு கத்தியக் காப்பாத்த முடியல, நீ குடோனக் காப்பாத்துவியா? மொதலாளிகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒன்ன இட்டுனு போவேன்? வேலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

"அண்ணே, கோவப்படாத" என்றாள் லூர்துமேரி, கோணியை உதறிக்கொண்டே. "ஆசாரிய வரச் சொல்லியிருக்கேன். பாத்து சரி பண்ணிடுவாரு."

அவில்தாரின் கை அந்தரத்தில் நின்றது.

"எந்த ஆசாரி?"

"கோட்டை ரோட்டு ஆதிமூலம் ஆசாரி."

"அவரு எதுக்கு? யாரு கூப்பிடச் சொன்னது?" அவில்தார் குனிந்து பூட்ஸைத் தேடினார். "துருதானே, போவுது வுடு. மாப்ள நல்ல மனுசன். பாவம், அவரு இன்னா பண்ணுவாரு, மழ."

தேவசகாயம் தலை நிமிர்ந்தான். "அப்போ வேலை, மச்சான்?"

"பாக்கலாம், பாக்கலாம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி."

"இப்பத்தானேண்ணே வந்த! நாளைக்குக் கிறிஸ்மஸு!"

அவில்தார் வலது காலை இடது பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆதிமூலம் ஆசாரி வந்து நின்றார். தலையைத் துவட்டினார். பெஞ்சின் மேல் கிடந்த கத்தியைப் பார்த்தார். பிறகு அவில்தாரைப் பார்த்தார். ஆசாரியின் முகத்தில் மெய்யான வருத்தம் தெரிந்தது.

"இன்னா அவில்தாரே, பர்மா கத்தி துருவேறி ஒடஞ்சி போச்சின்னு சித்திரையில எங்கிட்ட புதுசா ஒண்ணு அடிச்சி வாங்கினு போனீங்களே, அதையும் துருப்புடிக்க வுட்டுட்டீங்களா?"