மாடி மாமாவின் மடி

2009 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, நான்காக மடித்து டப்பாவில் வைத்தேன். அப்போது மாடியிலிருந்து முகத்தில் வெள்ளைத் துணி கட்டிய உருவம் ஒன்று இறங்கி வந்து, அடுப்படி வாசலிலேயே நின்று, "பால நல்லா பொங்க வுட்டியாக்கா?" என்றது. இதுவும் வழக்கம்தான்.

அது என் தம்பி. கடலூர் மாவட்டத்திலேயே நோய் வருவதற்கு முன்பு அதற்கு மருந்து சாப்பிட்டு முடித்தவன் அவன் ஒருவன்தான். மஞ்சக்குப்பத்தில் அவனுடைய நிஜப் பெயர் எங்கள் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் 'தைலம்'. அவன் கடைக்கு யாரும் வழி கேட்டதில்லை. மூக்கு இருந்தால் வந்து சேர்ந்துவிடலாம்.

அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். பன்றிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் வந்த மறுநாளே என் அடுப்படி இடுக்கி காணாமல் போனது. தேடிக்கொண்டு கடைக்குப் போனால், திட்டக்குடியிலிருந்து மனுக் கொடுக்க வந்த ஒரு பெரியவரின் பட்டாவை அந்த இடுக்கியால் வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, என் பட்டா என்னா சுட்ட கத்திரிக்காயா?" என்றார் பெரியவர்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே, உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்குன்னா சீக்கிரம் எடுத்துக் குடு. பஸ்ஸு போயிடும்."

போனில் எதிர்முனையில் யாராவது இருமினால் ரிசீவரைத் துடைப்பான். வெளியூர் போய் வந்தால் மறுநாள் காலை எல்லாத் துணிகளையும் அண்டாவில் போட்டு, இட்லி வேகும் அளவுக்குக் கொதிக்க வைப்பான். அப்படிக் கொதித்துக் கொதித்து அவன் சட்டைகள் எல்லாம் சின்னப் பையன் சட்டையாகிவிட்டன. பழைய வேட்டியைக் கிழித்து அவனே முகத்துணி தைத்து, ஒவ்வொன்றிலும் நீலகிரித் தைலத்தைத் தெளித்து, பொடித்த கற்பூரத்தை வைத்து மடிப்பான். தெருவில் எல்லோருக்கும் இலவசம். வாங்கினவர்கள் கட்டிக்கொண்டதில்லை. அலமாரியில் போட்டால் பூச்சி வரவில்லை என்றார்கள்.

அன்று சிதம்பரத்தில் எங்கள் கடைசித் தங்கை வசந்தியின் பெண்ணுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை; குழந்தைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் தைலம். அவனோ, பெயர் வைக்கிற அன்று ஊரெல்லாம் சிக்குன்குனியா என்று கொலுசை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டான். பாப்பாவுக்கு மூன்று வயதாகிறது. வசந்தி அவளைக் கடலூருக்குக் கூட்டி வரும்போதெல்லாம் மாடியில் நின்று கையசைப்பான். பாப்பாவுக்கு அவன் 'மாடி மாமா'. ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

முந்தின வாரம் வசந்தி போனில் அழுதாள். "எங்க மாமியார் கேக்குறாங்கக்கா, தாய்மாமன் நேர்ல வருவாரா, இல்ல போன்லயே மடி குடுப்பாரான்னு. இந்த வாட்டியும் அண்ணன் வரலன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க."

இதைத் தைலத்திடம் சொன்னேன். கையிலிருந்த முகத்துணியை மடித்து முடித்தான். பிறகு, "வரேன்னு சொல்லு" என்றான்.

அவனுடைய பழைய காரில் சீர்த்தட்டுகளை வைத்துக் கிளம்பினோம். சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. முதுநகர் தாண்டுவதற்குள் தட்டில் இருந்த வெற்றிலை இரண்டு பறந்துவிட்டது. ஆலப்பாக்கம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. புதுச்சத்திரம் நெருங்கும்போது தைலம் தும்மினான். ஒரே ஒரு தும்மல்.

கார் ஓரமாக நின்றது. இறங்கிப் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டு, "அக்கா, நீ பஸ்ல போயிடு" என்றான்.

"இத்தினி தட்டையும் தூக்கிட்டு பஸ்லயா? வந்து ஏறுடா."

"எனக்கு வந்துடுச்சிக்கா."

சட்டைப்பையில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்தான். காய்ச்சல் இல்லை. மெஷின் பழுது என்றான். பழுதில்லை என்று காட்ட, கழுவி என் வாயில் வைத்தேன். காலையிலிருந்து அடுப்படி வேலை, வெயில், கோபம் எல்லாம் சேர்ந்து எனக்கு அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது.

"போச்சு! உனக்கும் ஒட்டிக்கிச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

சிரித்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். சின்ன வயதில் அவனுக்கு டைபாய்டு வந்து தேறிய கையோடு வசந்திக்கு வந்தது. அவளுக்குப் பேச்சே இல்லாமல் போய், எழுந்து உட்காருவாளா என்று நாங்கள் பயந்த நாட்கள் உண்டு. தான் கடித்த குச்சி ஐஸை அவளுக்குக் கொடுத்ததால்தான் வந்தது என்று அவனாக முடிவு செய்துகொண்டான். டாக்டர் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. ஊர் நினைப்பதுபோல் தனக்கு வந்துவிடும் என்று அவன் பயந்ததில்லை. தன்னால் மற்றவர்களுக்குப் போய்விடும் என்பதுதான் அவன் பயம்.

"நீ ஏறு. மடி குடுக்கறதப் பத்தி அங்க போயி பேசிக்கலாம்" என்றேன். ஏறினான். பி.முட்லூர், சிதம்பரம் வரை தலையைச் சன்னலுக்கு வெளியே வைத்தே ஓட்டினான்.

கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பத்தர் ஊசியோடு மணையருகே தயாராக இருந்தார். நான் தட்டுகளோடு உள்ளே போனேன். தைலம் தெருவிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க மச்சான்" என்று வசந்தியின் கணவர் கூப்பிட்டார்.

"இருக்கட்டும் மாப்ள. இங்கியே நல்லா காத்தோட்டமா இருக்குது."

"மச்சான், நல்ல நேரம் முடியப் போவுது!"

"நீங்க குத்திக்குங்க மாப்ள. நான் இங்கேர்ந்தே பாக்குறேன்."

உள்ளே எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்துவிட்டு மடி கொடுக்க மாட்டேன் என்றால் அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? வசந்தி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள்.

"நீ மடி குடுக்கலன்னா எம் பொண்ணுக்குக் காதே குத்த வேணாம். இப்டியே வளரட்டும்."

"தும்மிட்டேன்டி வசந்தி."

"எத்தினி வாட்டி?"

"ஒரு வாட்டி."

பின்னாலேயே வந்த வசந்தியின் மாமியார் இதைக் கேட்டார். விருந்தாளிகளுக்குக் கொடுக்க என்று தைலம் கொண்டுவந்திருந்த முகத்துணிகளில் ஒன்றை அவன் கைப்பையிலிருந்து எடுத்தார். மூக்கில் வைத்து இழுத்தார். அடுத்து அவர் போட்ட தும்மலில் சந்துக் கோடியில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தும்மலில் மூக்குக்கண்ணாடி கழன்றது. மூன்றாவதற்கு வசந்தியின் கணவர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "தம்பி, இது நோவு இல்ல. உங்க மருந்து! அந்தக் கருமத்த அவுத்துட்டு உள்ள வாங்க."

தெரு முழுக்கச் சிரித்தது. தைலம் சிரிக்கவில்லை. முழுதாக நம்பவும் இல்லை. முகத்துணியை அவிழ்த்தான், கைகால் கழுவினான், புது வேட்டியோடு வந்து மணையில் உட்கார்ந்தான். வெல்லப்பாகில் கிளறிய காப்பரிசியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டிருந்த பாப்பாவை வசந்தி அவன் மடியில் வைத்தாள்.

அவன் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

பத்தர் நிதானமான மனிதர். வலது காதைத் தடவிப் பார்த்தார். பொட்டு வைத்த இடம் சரியா என்று எட்டி நின்று பார்த்தார். வசந்தியின் மாமியாரிடம் சவரன் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். தைலத்தின் முகம் சிவந்தது. ஒரு காது குத்தியாயிற்று. பாப்பா வீறிட்டாள். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே மழையைப் பற்றி விசாரித்தார். தைலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "பத்தரே, சீக்கிரம்!" என்று நான் கத்த, எனக்குத்தான் ரத்தம் பார்த்தால் பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது காதும் முடிந்தது. அழுதுகொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வெல்லப்பாகு ஒட்டிய கையால் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"மாடி மாமா, மூச்சு வுடு."

விட்டான். விட்டதோடு, குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் அழுததைவிடப் பெரிதாக அழுதான். "தாய்மாமனுக்கே ரெண்டு காதும் குத்திட்டாப்ல இருக்குதே!" என்றார் வசந்தியின் மாமியார். அப்படிச் சொன்னாலும், பந்தியில் தைலத்தின் இலையில் முதல் வடையை வைத்தவரும் அவர்தான்.

மறுநாள் காலை நான் எழுந்து வரும்போதே கொல்லையில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சட்டை, துண்டு, கைப்பை, காரில் விரித்திருந்த துணி எல்லாம் உள்ளே. கொடியில் அந்தப் புது வேட்டி மட்டும் நனையாமல் தொங்கியது. முழங்கால் பக்கம் காப்பரிசிப் பாகு ஒட்டிய அஞ்சு விரல். எறும்புகூட ஏற ஆரம்பித்துவிட்டது.

"இதையும் போடுடா" என்று எடுக்கப் போனேன்.

தைலம் வந்து என் கையிலிருந்து அதை வாங்கினான். எறும்பை ஊதிவிட்டு, மெதுவாக மடித்தான்.

"இது இருக்கட்டும்க்கா. இதுல என்னா கிருமி இருக்கப் போவுது?"