பத்தொன்பது டிகிரிக்கு நான் உடுத்திய உடுப்பு

கோபம் வந்தால் சிலருக்குக் கை நீளும், சிலருக்கு நாக்கு நீளும். எனக்கு அந்தக் குளிர்காலத்தில் உடுப்புக் கூடியது. அதனால் வந்த அவமானத்துக்கு முழுப் பொறுப்பும் அரசாங்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். (மனைவி வேறு மாதிரிச் சொல்லுவா. அவவைக் கேட்காதீர்கள்.)

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ லூயி-பிளாங் என்ற வீதியில் இருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் கட்டடம். நிலவறையில் எண்ணெயில் ஓடும் கிழட்டு பாய்லர் ஒன்று. எல்லா வீடுகளுக்கும் அதுதான் சூடு. ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய அந்த வருடம் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, எங்கள் தாங்கி அடியோடு வற்றியது. விற்பவர்களிடம் கேட்டால், உங்கள் முறை வரும்வரை பொறுங்கள் என்றார்கள்.

தொலைக்காட்சியில் கழுத்துவரை மூடிய சுவெற்றரோடு ஓர் அமைச்சர் தோன்றினார். வீட்டுக்குப் பத்தொன்பது டிகிரி தாராளம், குளிர்ந்தால் ஒரு சுவெற்றர் போடுங்கள் என்றார். பத்தொன்பது டிகிரியாம். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் வாயிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. மகள் கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள்.

பிறகு அரசாங்கம் மனமிரங்கி உதவி அறிவித்தது: எண்ணெய் வாங்க ஒரு செக். எண்ணெய்க்கு மட்டும்தான் அது செல்லும். அந்த எண்ணெய்தான் இல்லை. பசித்தவன் கையில் கரண்டியைக் கொடுத்தது போல.

அதுவும் போதாதென்று எங்கள் பகுதி ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் கட்டடத்தின் சார்பில் பேச என்னைத் தெரிவு செய்தார்கள். படிக்கட்டில் நின்று அதிகம் கத்தியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மேல்மாடியில் இருக்கும் பாண்டிச்சேரிக்காரர் ஞானப்பிரகாசம், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"மிசியே, கத்தாதீங்க. ரெண்டு வார்த்தை, நன்றிக்கு ஒரு மெர்சி, உட்கார்ந்துடுங்க. உள்ள இருந்தவன் சொல்றேன், கத்துறவங்க ஃபைல், அந்த தொசியேதான் கட்டுக்கு அடியில போகும்."

நான் கத்துவதைவிடப் பெரிய திட்டம் வைத்திருந்தேன். வீட்டில் எப்படி இருக்கிறேனோ அப்படியே போய் நிற்பது. கண்ணால் பார்க்கட்டும். சுவெற்றருக்கு மேல் சுவெற்றர், அதன் மேல் ஓவர்கோட், சால்வை, காதுமூடும் தொப்பி. எல்லாவற்றுக்கும் அடியில், காற்சட்டைக்குள் செருகியபடி, மனைவியின் றோஸ் நிறக் கம்பளி நைற்றி. (வீட்டில் இருந்ததிலேயே சூடான உடுப்பு அதுதான். குளிர் ஆண் பெண் பார்ப்பதில்லை.)

"இஞ்சருங்கோ, அந்த நைற்றியை மட்டும் கழட்டிப்போட்டுப் போங்கோ" என்றா மனைவி.

"அடியில கிடக்கிறது ஆருக்குத் தெரியப்போகுது?"

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபக் கதவைத் திறந்ததும் தோசைக்கல்லுக்குக் கிட்டக் குனிந்தது போல அனல் அடித்தது. யன்னல் கண்ணாடிகள் வியர்த்து வழிந்தன. அரசாங்கத்தின் சார்பில் வந்த பெண் அதிகாரி (இங்கே பெண்களை மடம் என்றுதான் கூப்பிடுவோம்), கையில்லாத மெல்லிய சட்டையோடு நின்று, வீட்டுச் சூட்டைக் குறைப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தா. திரைச்சீலையை மூடுங்கள். நிலத்தில் கம்பளம் விரியுங்கள். மகள் தன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் கழற்றச் சொன்னாள். கழற்றினால் என் வாதம் என்னாவது?

எழுந்தேன். அன்றைக்கு வந்த பிரெஞ்சு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"மடம், எங்கள் தாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நீங்கள் தந்தது செக். அதைக் கொளுத்திக் குளிர்காயச் சொல்கிறீர்களா?"

மண்டபம் கைதட்டியது. மடம் நிதானமாகச் சொன்னா: "மிசியே, உங்களுக்கு நன்றாக வியர்க்கிறது. கோட்டைக் கழற்றலாமே."

"என் வீட்டில் கழற்ற முடியாது. ஆகவே இங்கேயும் கழற்ற மாட்டேன்."

அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஒரு மடம் நின்ற இடத்தில் இரண்டு மடம் நின்றார்கள். பிறகு வெட்டின வாழைபோல விழுந்தேனாம்.

கண் விழித்தபோது இரண்டு தீயணைப்புக்காரர்கள் (இந்த நாட்டில் மயங்கி விழுந்தாலும் அவர்கள்தான் வருவார்கள்) வெங்காயம் உரிப்பதுபோல என்னை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓவர்கோட் போனது. சுவெற்றர் போனது. இன்னொரு சுவெற்றர். "இன்னும் இருக்கிறதா?" என்று ஒருவர் மகளைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நைற்றி வெளியே வந்துவிட்டது. நெஞ்சில் ஒரு முயல் வேறு சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்துச் சனம் முழுவதும் எட்டிப் பார்த்தது. ஞானப்பிரகாசம் மட்டும் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார்.

மடம் ஓடிப்போய் ஹீற்றரை நிறுத்தினா. அந்தக் குளிர்காலம் முழுவதும் அரசாங்கம் உடனடியாக எடுத்து நான் கண்ட நடவடிக்கை அது ஒன்றுதான்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் எங்கள் பகுதிச் செய்தி இதழில் என் படம் வந்தது. விழுவதற்கு முன் எடுத்தது. தொப்பி, சால்வை, ஓவர்கோட்டோடு கையை உயர்த்தி நிற்கிறேன். கீழே எழுதியிருந்தார்கள்: 'சூட்டைக் குறைப்போம், உடுப்பைக் கூட்டுவோம். நம் அயலவர் வழிகாட்டுகிறார்.' எதிர்க்கப் போனவனை விளம்பரம் ஆக்கிவிட்டார்கள். கொதித்துப்போய் மறுப்பு எழுதி அனுப்பினேன். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது.

எண்ணெயும் வந்தது. அது வந்த அன்று தெருவில் மரங்கள் துளிர்த்திருந்தன. நாங்கள் யன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம்.

இப்போதும் எந்த அமைச்சராவது தொலைக்காட்சியில் மக்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினால், எதைக் கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் என் மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, நைற்றியை எடுத்துத் தரட்டோ?" என்கிறாள். மனைவி கண்ணீர் வரச் சிரிக்கிறா. அந்தப் பிள்ளை தமிழில் பிழையில்லாமல் சொல்லும் ஒரே வசனம் அதுதான். அரசாங்கத்தை நான் மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.