இவண்: ஊர் பொதுமக்கள்

கல்யாண வீட்டில் ரொம்ப ஆபத்தான ஆள் யார் என்று கேட்டால், குடித்துவிட்டு வருகிறவரைச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடித்தவரை ஓரமாக உட்கார வைத்துவிடலாம். யாரும் கேட்காமலே உதவி செய்ய வருகிற நண்பனை ஒன்றும் செய்ய முடியாது. நான் அந்த வகை.

மோகனும் நானும் மீஞ்சூரில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தோம். அவன் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு குப்பத்துக்காரன். அந்தக் குப்பத்துக்குப் படகுத்துறை கிடையாது. தண்ணீர் வற்றிவிட்டால் முழங்கால் சேற்றில் நடந்துதான் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு 'சேத்துக்கால்' என்று பேர். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. கிரிக்கெட் டீம் பேர் சேத்துக்கால் பாய்ஸ். வாட்ஸப் குரூப்பும் அதே. ஒருவரையொருவர் "டேய் சேத்துக்காலு" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மோகன் என்னையும் அப்படிக் கூப்பிட விட்டிருந்தான். "நீ நம்மாளு மச்சான்" என்றான். (அந்த ஒரு வார்த்தையை நான் எதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் மீதிக் கதை.)

அவனுக்குப் பெண் அமைந்தது கரையோரக் குப்பத்தில். பெயர் தேவி. ஏரியில் யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்று இவர்களுக்குள் ஒரு முறை உண்டு; அதைப் பாடு என்பார்கள். அந்தப் பாடு விஷயத்தில் ஒரு தடவை தகராறு வந்து, கரைக்குப்பத்து ஆள் ஒருவன் "போங்கடா சேத்துக்காலுங்களா" என்று கத்திவிட்டான். அதே பேர்தான். ஆனால் அதற்கப்புறம் இந்த ஊர்த் திருவிழாவுக்கு அந்த ஊர் வருவதில்லை. காதலித்த இரண்டு பேரும் எல்லார் காலிலும் விழுந்து, பெரியவர்கள் ஒருவழியாக மனம் இறங்கி நிச்சயம் செய்த கல்யாணம் அது. இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியாதா? மோகன் டீக்கடையில் முழுக்கச் சொன்னான். நான் பஜ்ஜியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் பெண் ஊரில். மாப்பிள்ளை வீட்டார் காலையில் படகுகளில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. மோகனை அசத்த வேண்டும் என்று பொன்னேரியில் ஒரு பேனர் அடித்தேன். 'எங்கள் மண்ணுக்கு வருகை தரும் சேத்துக்கால் சிங்கங்களை வருக வருக என வரவேற்கிறோம்.' நடுவில் ஒரு சிங்கம். கடைக்காரர், "சிங்கத்துக்குக் கால்ல கொஞ்சம் சேறு வெச்சுடலாமா தம்பி?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். கீழே யார் பேர் போடுவது என்று கேட்டார். என் பேரைப் போட்டால் விளம்பரம் மாதிரி இருக்குமே என்று எனக்கு அடக்கம் வந்துவிட்டது. வாழ்நாளில் எனக்கு அடக்கம் வந்தது அந்த ஒரு தடவைதான். "இவண், ஊர் பொதுமக்கள்னு போட்டுடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பெண் ஊர்த் துறையில், ஏரியைப் பார்த்தபடி, இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினேன். கரையில் இருந்தவர்களுக்கு வெள்ளைப் பின்பக்கம்தான் தெரிந்தது. வெயிலுக்கு மறைப்பு கட்டுகிறான் என்று நினைத்து ஒரு அம்மா எனக்கு மோர் கொடுத்தார்.

மேளச் சத்தத்தோடு படகுகள் வந்தன. கிட்டே வந்ததும் மேளம் நின்றது. அப்புறம் ஒவ்வொரு இன்ஜினாக நின்றது. முதல் படகில் மாலையோடு நின்ற மோகன் என்னையே பார்த்தான். பூரிப்பில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் கையை ஆட்டினேன்.

ஒருவரும் இறங்கவில்லை. தேவியின் அப்பா துறைக்கு ஓடி வந்தார்.

"வாங்க சம்பந்தி, இன்னா நின்னுட்டீங்க? பத்தரைக்கு ராகு காலம்."

மோகனின் பெரியப்பா படகில் எழுந்து நின்றார். "கூப்ட்டு வெச்சு அசிங்கப்படுத்துறீங்களா?"

"யார் இன்னா சொன்னது?"

"உங்க ஊர் பொதுமக்கள் எய்தி வெச்சிக்கீறாங்களே. இந்தப் பக்கம் வந்து படி."

தேவியின் அப்பா தண்ணீரில் இறங்கி, திரும்பி நின்று படித்தார். முகம் இருண்டது. "யார்ரா இத கட்டினது?"

என் கையில் இன்னும் மிச்சக் கயிறு இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. என்னால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறது. "நான்தாங்க... மோகன் ஃபிரெண்டு" என்றேன்.

உண்மையைச் சொன்னால் நிலைமை சரியாகும் என்று நினைத்தேன். அதுவரை ஒரு ஊருக்குத்தான் கோபம். இப்போது இரண்டு ஊருக்கும். "அவங்க ஆளே எய்திட்டு எங்க பேர்ல கையெழுத்தா? பழிபோடத்தான் வந்துகீறீங்களா?" என்று கரையில் இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். "அவுக்காத! ஊரே பாக்கட்டும்" என்று பெரியப்பா கத்தினார். கடைசிப் படகு இன்ஜினைப் போட்டுப் பின்னால் நகர ஆரம்பித்தது. மோகன், "பெரிப்பா, வேணாம் பெரிப்பா" என்று அழாத குறையாகக் கெஞ்சினான்.

பட்டுப் புடவையோடு தேவி வந்தாள். தடுத்த பெண்களை விலக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் படித்தாள்.

"இதுல இன்னா தப்பு மாமா? நீங்களே சொல்லிக்கிறதுதானே?"

"அத நாங்க சொல்லலாம்மா. உங்க ஊர் சொல்லக் கூடாது."

"தாலி ஏறினா நான் எந்த ஊரு?"

"எங்க ஊரு."

"அப்ப நான் சொல்லலாமா?"

பெரியப்பா யோசித்தார். "சொல்லலாம்."

"அப்ப இத நான் சொன்னதா வெச்சுக்குங்க."

"இன்னும் தாலி ஏறலியேம்மா!"

"நீங்க படகுலயே நின்னா எப்டி மாமா ஏறும்?"

முதலில் சிரித்தது நாதஸ்வரக்காரர். பிறகு இரண்டு பக்கமும். பெரியப்பா சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துக் கரையேறினார். என்னிடம் வந்து, "அத மடிச்சு, மேல குந்து. தாலி ஏறுற வரைக்கும் ஒரு எய்த்துகூட வெளிய தெரியக் கூடாது" என்றார்.

குந்தினேன். நண்பன் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் மாலையும் கழுத்துமாக வந்த தேவி, "அண்ணா, எழுந்திரு. இப்ப பேனரக் கட்டு" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு குப்பத்திலும் என் பேர் 'பொதுமக்கள்'. மோகன் மகளுக்குக் காது குத்தியபோது, "பொதுமக்கள் வந்தாச்சு, பந்தி போடலாம்" என்று மைக்கிலேயே சொன்னார்கள். எனக்கு உள்ளூர அதில் சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் என் மைத்துனன் வீட்டுக்கு வந்து, "இன்னா பொதுமக்கள், சௌக்கியமா?" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "அவங்க கூப்பிடலாம், நீ யார்ரா?" என்று கத்திவிட்டேன். போட்டு வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் அவன் போய்விட்டான். இன்னும் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அவனைச் சமாதானப்படுத்த ஒரு பேனர் அடிக்கலாமா என்று என் மனைவி தினமும் கேட்கிறாள்.